"புறா ஹலால்தானே, ஹஜ்ரத்?"



வல்லத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தப் மாணவன் ஒருவன், சென்ற மாதம் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். போர்ட் பிளேயரில் வேலை செய்யும் அவனுடைய மாமா அனுப்பியது. பச்சையும் செம்பும் கலந்து மின்னும் உடல். கழுத்தைச் சுற்றிப் பிடரி மயிர்போல் தொங்கும் நீண்ட இறகுகள். வால் மட்டும் தூய வெண்மை. நிக்கோபார் புறா! அதைப் பிடித்தால் சிறை என்று மாமா சொல்லியிருக்கிறார். "புறா ஹலால்தானே, ஹஜ்ரத்? பிறகு ஏன் பிடிக்கக் கூடாது?" என்று கேட்டான்.

"அரசாங்கச் சட்டம். பாடத்தைப் பார்" என்று அவனை உட்காரவைத்துவிட்டேன்.

அது பதிலே அன்று என்பது வீடு வந்து சேரும் முன்பே எனக்கு உறைத்தது. மார்க்கத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்குச் சட்டத்தைக் காட்டி வாயடைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் அந்தப் பறவையைப் பற்றித் தேடிப் படித்தேன். செஞ்சிக் கோட்டையில் நாம் காணும் மாடப்புறா ஓர் ஈட்டில் இரண்டு முட்டையிடும். ஆண்டுக்குப் பல முறை குஞ்சு பொரிக்கும். நிக்கோபார் புறா இடுவது ஒரே ஒரு முட்டை. ஆளரவமற்ற குட்டித் தீவுகளின் மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். இரை தேடுவதோ காட்டுத் தரையில். உதிர்ந்த பழங்களையும் கடினமான கொட்டைகளையும் விழுங்கி, இரைப்பையில் வைத்திருக்கும் கல்லால் அரைத்துக்கொள்ளும். ரிஸ்கை அளிப்பவன் அரைக்கும் கருவியையும் உடன் அளித்திருக்கிறான்! அந்தக் கல்லை நகையில் பதிப்பதற்காகவே அதைக் கொன்றவர்களும் உண்டு. மனிதனோடு கப்பலேறி வந்த எலியும் பூனையும் வேறு. போதாததற்கு, பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் அமைக்க ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்ளும் திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது.

இந்தப் புறாவுக்கு நெருங்கிய உறவான ஒரு பறவை இன்று உலகில் இல்லை. அதுதான் மொரீஷியஸ் தீவின் டோடோ. பறக்க இயலாத அந்தப் பறவை தரையிலேயே வாழ்ந்தது. 1598இல் டச்சு மாலுமிகள் அங்கே இறங்கினார்கள். 1662க்குப் பிறகு அதைக் கண்டதாக ஐயமற்ற சான்று இல்லை. ஜஹாங்கீர் அரசவையின் உஸ்தாத் மன்ஸூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் ஒன்று ரஷ்யாவில் இருக்கிறது. உயிருள்ள டோடோவைப் பார்த்து வரைந்த மிகச் சில வண்ண ஓவியங்களுள் அதுவும் ஒன்று என்கிறார்கள். ஜஹாங்கீரின் பேரர் ஔரங்கசீபின் படை நம் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது 1698இல். பாட்டனார் காலத்தில் ஓவியத்துக்கு நின்ற பறவை, பேரரின் காலத்திற்குள் முற்றாக அழிந்துபோயிற்று.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்து, முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஹலாலான பிராணியையே இஹ்ராமில் இருப்பவர் வேட்டையாடக் கூடாது என்பதை நினைவூட்டினேன். ஹரம் எல்லைக்குள் ஒரு புறாவைக் கொன்றவர் ஓர் ஆட்டைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. உண்ண அனுமதி என்பது எப்போதும் எங்கும் எவ்வளவும் கொல்ல அனுமதி ஆகாது. பயணமொன்றில் தோழர்கள் சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது, அதையும் சொன்னேன். (ஸவ்ர் குகை வாயிலில் புறா கூடு கட்டிய கதையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது.)

பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். கைப்பேசியில் மன்ஸூரின் ஓவியத்தையும் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இதுவும் புறா இனம்தானே, ஹஜ்ரத்? அப்படியென்றால் இதுவும் ஹலாலாகத்தான் இருந்திருக்கும்?"

"ஆம்" என்றேன்.

கைப்பேசியைப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டுக் கிதாபைத் திறந்தான்.