விட மறந்த பிரேக்

மோட்டார் சைக்கிளின் பிரேக் எவ்வாறு பிடிக்கிறது என்பதைப் பள்ளி இயற்பியலே கற்பித்துவிடுகிறது. மிதியை அழுத்தினால் திரவத்தில் அழுத்தம் ஏறுகிறது. பாஸ்கல் விதிப்படி அது காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பேடுகள் டிஸ்க்கை இறுக்குகின்றன. அது எவ்வாறு விடுகிறது என்று கேட்பவர் குறைவு. பிஸ்டனைப் பின்னிழுக்கக் காலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிஸ்டன் முன்னேறும்போது சற்றே கோணிக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்கு மீள்கையில் பிஸ்டனையும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதி உடன் இழுத்துக்கொள்கிறது. அவ்வளவே. அழுத்தம் முற்றாக நீங்கவில்லையெனில் இதுவும் நிகழாது.

அழுத்தம் நீங்குவதற்கென மாஸ்டர் சிலிண்டருக்குள் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. கால் எடுக்கப்பட்டதும் உள்ளிருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி அத்துளையைத் திறந்துவிட வேண்டும். சூடேறி விரியும் திரவம் கிண்ணத்துக்குத் திரும்பவும் அதுவே வழி. அது மூடிக்கிடந்தால் விரிந்த திரவத்துக்குப் போக்கிடம் இல்லை. அது பேடுகளை மேலும் நெருக்கும். உராய்வு மேலும் சூட்டைத் தரும். அச்சூடு திரவத்தை மேலும் விரிக்கும். யாரும் மிதிக்காமலேயே பிரேக் தன்னைத்தானே மிதித்துக்கொள்ளும்.

லடாக்கில் கார்துங் லாவிலிருந்து லேக்கு இறங்கும் சாலையில், டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இருவருக்கு ஒரு பிற்பகலில் நேர்ந்தது இதுதான். கணவாயின் உயரம் 5,359 மீட்டர். (5,602 என்று நெடுங்காலம் பரப்பப்பட்ட கணக்கு மிகை.) லே ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது, இடையே சுமார் 40 கிலோமீட்டர். வண்டியும் ஆளும் மூட்டையும் சேர்ந்து 300 கிலோ என்று கொண்டால், இறங்கி முடிப்பதற்குள் சுமார் 54 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேனும் கழிய வேண்டும். பெரும்பகுதியை என்ஜினும் காற்றும் ஏற்றாலும் மிச்சம் பிரேக்கின் பங்கு.

இளையவரின் வண்டி சரிவிலேயே தயங்கத் தொடங்கியது. கருகல் வாடை வந்தது. நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்ற முயன்றபோது அது அசையவில்லை. டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், மேற்கே தாழ்ந்துகொண்டிருந்த வெயில்.

“அண்ணா, பிளீடிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டா சக்கரம் சுத்திடும். இருட்டுறதுக்குள்ள இறங்கிடலாம்.”

“சுத்தும்டா. ஆனா எதனால பிடிச்சுதுன்னு தெரியாமப் போயிடும். கீழ இன்னொரு வளைவுல மறுபடி பிடிக்கும்.”

இளையவர் சொன்னது பிழையன்று. காலிப்பரில் உள்ள அத்திருகைத் திறந்தால், சிக்கியிருக்கும் அழுத்தம் எங்கிருந்து வந்திருந்தாலும் கழிந்துவிடும். அதனாலேயே அது கடைசிச் சோதனையாக இருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் விடவில்லையா, ஹோஸின் உட்சுவர் வீங்கி ஒருவழிக் கதவாகிவிட்டதா என்பதை அது பிரித்துச் சொல்லாது. சொல்லக்கூடிய தடயத்தையும் அழித்துவிடும். அதைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் மட்டுமே, துருவேறிய பிஸ்டனோ தூசியில் வறண்ட ஸ்லைடு பின்னோ காரணம் என்ற செய்தி கிடைக்கும். காத்திருப்பதிலும் இதே சிக்கல். அரை மணி நேரம் ஆறவிட்டால் திரவம் சுருங்கிச் சக்கரம் தானாகவே சுழலக்கூடும். “சரியாகிவிட்டது” என்று பலர் புறப்பட்டுவிடுவது இங்கேதான்.

ஆகவே மூத்தவர் மேலிருந்து, எதையும் இழக்காத சோதனையிலிருந்து தொடங்கினார். முதலில் மிதி. அதை விரலால் அழுத்தியபோது, பட்டறைகளில் ‘ப்ளே’ என்று சொல்லப்படும் சிறு தளர்வு கொஞ்சமும் இல்லை. மிதியையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ் ராடின் லாக் நட்டில் ஸ்பேனர் பட்ட புதுக்கீறல் தெரிந்தது. இரு நாட்களுக்கு முன் வழியில் ஒரு பட்டறையில், பூட்ஸுக்கு ஏற்ப மிதியின் உயரம் மாற்றப்பட்டிருந்தது. அதில் புஷ் ராட் நீண்டு, பிஸ்டனை முழுதாகப் பின்வாங்க விடாமல் முட்டுக்கொடுத்து நின்றிருக்க வேண்டும். சமவெளியில் இது தெரிந்திராது. துளை மயிரிழையளவு திறந்திருந்தாலும் போதும். நீண்ட இறக்கம்தான் அதை வெளிக்கொணர்ந்தது.

இது ஊகம்தான், சோதிக்க ஒரு ஸ்பேனர் போதும். கிண்ணத்தின் ஒளிபுகும் சுவரை இளையவர் பார்த்துக்கொண்டிருக்க, மூத்தவர் லாக் நட்டைத் தளர்த்திப் புஷ் ராடைச் சிறிது சிறிதாகச் சுருக்கினார். இரண்டாவது சுற்றில் கிண்ணத்துத் திரவம் சட்டென மேலெழுந்தது. சக்கரம் ஒரு முனகலுடன் விட்டது. ஒரு துளி பிரேக் ஆயில் சிந்தவில்லை. குழாய்க்குள் காற்று புகவில்லை. அப்படியும் விடாதிருந்தால், அடுத்து மாஸ்டர் சிலிண்டர் முனையில் ஹோஸின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்திருப்பார். காலிப்பருக்கு அதன் பின்னரே போயிருப்பார்.

மிதிக்குச் சிறிது தளர்வு விட்டு நட்டை இறுக்கினார்கள். டிஸ்க் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இப்போது காத்திருப்பதால் எதுவும் மறையப்போவதில்லை. பிறகு இரண்டாம் கியரில், பின்பிரேக்கை நம்பாமல் இறங்கினார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி டிஸ்க்கின் அருகே கை காட்டிச் சூடு பார்த்தார்கள். மறுநாள் லேயில் பின்பிரேக் ஆயிலை முழுதும் மாற்றினார்கள். டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 ஆகிவிடுகிறது. வெளியே வந்தது தேநீர் நிறத்தில் இருந்தது. கண்ணாடிபோல் பளபளத்த பேடுகளையும் கழற்றி எறிந்தார்கள். ரப்பர் சீல் மட்டும் இன்னும் மென்மையாகவே இருந்தது.