பன்னிரண்டு மணி நேரத்தில் எகிப்து

கடற்பிரயாணம் செய்வோருக்கு ஒரு விசித்திரமான இக்கட்டு உண்டு. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து ஒரு புராதன தேசத்தின் வாயிலில் நிற்பர். ஆனால், அத்தேசத்தைக் காண்பதற்கு அவர்களுக்குக் கிடைப்பதோ ஒரு பகற்பொழுது மட்டுமே. காலையிற் கப்பல் துறையை அடைகின்றது. இரவில் நங்கூரம் எடுக்கின்றது. இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை எவ்வாறு கழிப்பது? கப்பற் கம்பனியார் ஒழுங்கு செய்யும் சுற்றுலாவிற் சேர்ந்து கொள்வதா? அன்றி, அவ்வூரில் ஒரு வழிகாட்டியைத் தனியாக அமர்த்திக்கொள்வதா? சிறிய கேள்வி போலத் தோன்றும் இது, கைப்பணம், காலம், உடல்நலம் என்னும் மூன்றையும் தொடுவது. விடுமுறையிற் கடல்கடந்து செல்லும் நம்மவர் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில், இதனைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

நம் நாட்டவர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஆகாய விமானம் மலிவதற்கு முன்னர், மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து சென்ற இலங்கையர் கொழும்பிலே கப்பலேறினர். ஏடன், செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என்பது அவர்கள் சென்ற வழி. கப்பல் சுயெஸ் நகரை அடைந்ததும், விரும்பியவர்கள் அங்கே இறங்கி, மோட்டார் வண்டியிலே கெய்ரோ சென்று, பிரமிட்டுகளையும் நூதனசாலையையும் பார்த்துவிட்டு, கப்பல் கால்வாயைக் கடந்து வந்ததும் போட் செயிட் துறையில் மீண்டும் ஏறிக்கொள்வர். கப்பல் கால்வாயில் ஊர்ந்து செல்லும் நேரமே அவர்களுக்கு எகிப்தைக் காணக் கிடைத்த அவகாசம். 1967 முதல் 1975 வரை கால்வாய் மூடப்பட்டிருந்தது; அது மீண்டும் திறந்தபோது அந்தப் பிரயாணக் கப்பல்களின் காலமும் முடிந்திருந்தது. இன்று அவ்விடத்தை உல்லாசக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. அவற்றில் வருவோர் பெரும்பாலும் அலெக்சாந்திரியாவிலோ போட் செயிட்டிலோ இறங்கிப் பிரமிட்டை நோக்கி ஓடுகின்றனர்.

எகிப்திலே தனி வழிகாட்டிக்கும் கூட்டுச் சுற்றுலாவுக்குமுள்ள போட்டி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. முற்காலத்தில் அங்கு சென்ற மேல்நாட்டார், 'தர்ஜுமான்' எனப்படும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக் கொண்டனர். கீழைத் துறைமுகங்களில் துபாஷி என்று வழங்கப்பட்டவருக்கு ஏறக்குறைய ஒப்பானவர் அவர். படகு, கழுதை, சமையற்காரன், காவலாள் யாவும் அவர் பொறுப்பு. பேரமும் அவர் வாயிலேயே. 1869 இல் தோமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் முதன்முதலாக ஒரு கூட்டத்தினரை நைல் நதிக்கு அழைத்து வந்தார். சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. முன்கூட்டியே குறித்த விலை, குறித்த நேரம், பேரம் பேச வேண்டாத நிம்மதி ஆகியவற்றையே அவர் விற்றார். அவர் நிறுவிய கம்பனி 2019 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வீழ்ந்துபட்டது; அவர் கண்டுபிடித்த வியாபாரமோ ஒவ்வொரு கப்பலின் சுற்றுலா மேசையிலும் வாழ்கின்றது.

தனி வழிகாட்டிகளைப் பற்றிய முறைப்பாடும் அவ்வளவு பழையதே. அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவெயின், 1867 இல் 'குவேக்கர் சிற்றி' என்னும் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்து, அவ்வனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். பாரிஸ் நகரிலே லூவர் மாளிகைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டபோது, வழிகாட்டி அவர்களைப் பட்டுக் கடைகளிலே கொண்டுபோய் நிறுத்திய கதை அதில் உண்டு. கடைக்காரன் கொடுக்கும் தரகு எந்நாட்டிலும் வழிகாட்டியின் காலைத் திருப்பவல்லது. இன்று தரகு வாங்குவோர் தனி வழிகாட்டிகள் மாத்திரமல்லர். கப்பற் குழுவின் பஸ் வண்டிகளும் பப்பிரசுக் கடை வாயிலில் நிற்பதைக் காணலாம்.

இனி இடத்தின் இயல்பை நோக்குவோம். அலெக்சாந்திரியாத் துறைமுகத்திலிருந்து பிரமிட்டுகள் நிற்கும் கீசா மேட்டு நிலம் ஏறக்குறைய 220 கிலோமீற்றர் தூரம். பாலைவன நெடுஞ்சாலையிற் போவதற்கு மூன்று மணி நேரம்; திரும்புவதற்கும் அவ்வளவே. ஆகவே, பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு மணி சாலைக்கே போய்விடும். எஞ்சியதில், 146 மீற்றர் உயரமாக எழுப்பப்பட்டு இன்று சுமார் 138 மீற்றராகத் தேய்ந்து நிற்கும் கூபு மன்னனின் பிரமிட்டையும், 73 மீற்றர் நீளமான சிங்கவுடல் மனிதத்தலைச் சிலையையும், 2025 நவம்பர் 1 ஆந் திகதி முறையாகத் திறக்கப்பட்ட பெரிய எகிப்திய நூதனசாலையையும் பார்த்தாக வேண்டும். ஒன்றைக் கண்ணாரக் காண விரும்பின் மற்றொன்றைக் கைவிடவேண்டி வரும். எதனைக் கைவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கின்றது என்பதே இரு வழிகளுக்குமுள்ள முதல் வேற்றுமை.

இலண்டனில் வாழும் என் தமையனார் குடும்பத்தோடு நான் அவ்வழி சென்றபோது, இரு வழிகளையும் ஒரே நாளில் ஒப்புநோக்க வாய்ப்புக் கிடைத்தது. தமையனாரும் அவருடைய மாமனார் மாமியாரும் கப்பற் குழுவோடு சென்றனர். நானும் கல்லூரியிற் கற்கும் பெறாமக்கள் மூவரும் முன்கூட்டியே எழுதி ஒழுங்கு செய்த ஒரு வழிகாட்டியோடு சென்றோம். தொல்பொருளியலிற் பட்டம் பெற்ற இளைஞர் அவர். அரசாங்க அனுமதி அட்டையைக் கழுத்தில் அணிந்து துறைமுக வாயிலிற் காத்து நின்றார்.

பிரமிட்டை அடிமைகள் கட்டினர் என்னும் கதையைப் பிள்ளைகள் கேட்டபோது, அவர் மறுமொழி கூறாமல் எங்களைப் பிரமிட்டின் தெற்குப்புறமாக அழைத்துச் சென்று, தூரத்திலிருந்த ஒரு சரிவைக் காட்டினார். 1990 இல் அங்கே ஒரு குதிரை கால் இடறியதால் வெளிப்பட்ட சுவரே, தொழிலாளரின் கல்லறைகளைக் காட்டிக் கொடுத்தது என்றார். அரசனின் கல்லறைக்கு அருகில், மறுமைக்கு வேண்டிய பண்டங்களோடு அடக்கம் செய்யப்பட்டவர்கள் அடிமைகளாய் இருந்திருக்க மாட்டார்கள் என்பதை எங்களையே சிந்தித்து உணரச் செய்தார். அந்த அரை மணி நேரம் எந்தப் பாடநூலுக்கும் மேலானது. மதிய உணவுக்குச் சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்து, பொரித்த வெங்காயம் தூவிய 'கொஷரி' விற்கும் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். மரக்கறி உணவினரான எங்களுக்கு அது அமுதமாய் இருந்தது. வாசனைத் தைலக் கடையொன்றுக்குப் போகலாமா என்று ஒரு முறை கேட்டார்; வேண்டாம் என்றோம்; மறுமுறை கேட்கவில்லை.

கப்பற் குழுவினரோ நாற்பது பேர் ஒரு பஸ் வண்டியில். காதிற் பொருத்திய கருவி வழியே விளக்கம் கேட்டனர். பப்பிரசுக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றனர். சிங்கச் சிலையின் முன்னே இருபது நிமிடம் நின்றனர். ஆயினும், வண்டி குளிரூட்டப்பட்டிருந்தது. வண்டியிலேயே மலசலகூடம் இருந்தது. முதியோர் இருவருக்கும் ஏறி இறங்கக் கை கொடுக்க ஆள் இருந்தது.

திரும்பும் வழியிலேதான் உண்மையான வேற்றுமை வெளிப்பட்டது. கெய்ரோவைச் சூழ்ந்த வீதியில் ஒரு லொறி குடைசாய்ந்து கிடந்தது. அசையாமல் நின்ற வாகன வரிசையில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அகப்பட்டோம். வழிகாட்டி முன்யோசனையோடு பிற்பகல் 2 மணி கழிந்ததுமே எங்களைப் புறப்படச் செய்திருந்தபடியால், கப்பலேறும் கெடுவாகிய 7 மணிக்கு அரைமணி முன்னதாக வந்து சேர்ந்தோம். அவ்வளவு நேரமும் பிள்ளைகள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். கப்பற் குழுவின் வண்டிகள் அதே நெரிசலிற் சிக்கி, 7 மணி கடந்து பத்து நிமிடத்திலே வந்தன. கப்பல் காத்து நின்றது. வண்டிக்குள் இருந்த முதியோர் இருவரும் நன்றாக உறங்கியே வந்தனராம். அன்றிரவு உணவு மேசையிலே, தமையனாரின் மாமனார் சிரித்துக்கொண்டு, "தம்பி, நீங்கள் கண்டது கூட; நாங்கள் பயந்தது குறைவு" என்றார். இவ்விவாதத்துக்கு இதனினும் சுருக்கமான முடிவுரை யான் கேட்டதில்லை.

அந்தப் பயம் வீண்பயமன்று. 2024 மார்ச் மாத இறுதியில், ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவிலே, 'நோர்வீஜியன் டோன்' என்னும் கப்பலைச் சேர்ந்த எட்டுப் பிரயாணிகள் தனிச் சுற்றுலா ஒன்றிற் சென்று காலந் தாழ்த்தி வந்தனர். கப்பல் அப்போதும் நங்கூரமிட்டே நின்றது. கரையோரக் காவற்படகு அவர்களைக் கப்பலருகே கொண்டு சென்றது. ஆயினும் அவர்கள் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. முதியோரும் ஒரு கர்ப்பிணியும் அவருள் இருந்தனர். பல நாடுகளைக் கடந்து அலைந்து, ஏப்ரில் தொடக்கத்தில் செனகல் நாட்டின் டக்கார் துறையிலேயே கப்பலை மீண்டும் பிடித்தனர். கப்பலின் சொந்தச் சுற்றுலாவிற் சென்றோர் தாமதித்தாற் கப்பல் காத்திருக்கும். அல்லது அவர்களை அடுத்த துறைக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பைக் கம்பனி ஏற்கும். தனியே சென்றோருக்கு இவ்வுறுதி இல்லை.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இதில் மேலும் ஒரு சங்கடம் உண்டு. கப்பலைத் தவறவிட்ட ஐரோப்பியர் ஒருவர் விமானச் சீட்டு வாங்கி அடுத்த துறையாகிய கிரேக்க நாட்டுக்குப் பறந்து போகலாம். நமக்கோ அந்நாட்டு விசா கையில் இருக்கவேண்டும். அதுவும் ஒரு முறை நுழைவதற்கு மாத்திரம் வழங்கப்பட்டு முன்னரே பயன்பட்டிருந்தால், பணமிருந்தும் வழியிராது. பிரயாணத்துக்கு முன்னரே இதனைக் கேட்டறிந்து கொள்ளுதல் அவசியம்.

இவ்வாறு கூறுவதனாற் கப்பற் சுற்றுலா எவ்வித ஆபத்துமற்றது என்று எண்ணிவிடலாகாது. 2019 டிசெம்பர் 9 ஆந் திகதி நியூசிலாந்தின் வைற் ஐலண்ட் எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர்; அவருள் 22 பேர் மாண்டனர். அங்கிருந்தோரில் 38 பேர் ஓர் உல்லாசக் கப்பலிலிருந்து சுற்றுலாவாகச் சென்றவர்களே. கப்பற் கம்பனி சீட்டை விற்கின்றது. சுற்றுலாவை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் நிறுவனமொன்றே. கப்பல் தரும் உறுதி நேரத்தைப் பற்றியது. இடத்தின் தன்மையைப் பற்றியதன்று. ஆகையால், போகுமிடம் எத்தகையது என்று விசாரிக்கும் கடமை எவ்வழியிற் செல்வோருக்கும் உண்டு.

அவ்வாறாயின் எதனைத் தெரிந்தெடுப்பது? முதலிலே தூரத்தைப் பார்க்கவேண்டும். செல்லுமிடம் கப்பலிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பின், குறிப்பாக முதியோரும் குழந்தைகளும் உடனிருப்பின், கப்பற் குழுவே நன்று. இடம் அண்மையில் இருப்பின் தனி வழிகாட்டியே மேல். அலெக்சாந்திரியாவிலேயே தங்கிவிடத் துணிந்தவர்களுக்கு எத்தனை செல்வங்கள் உள்ளன! பண்டைக் கலங்கரை விளக்கம் நின்ற இடத்திலே 15 ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட கைத்பே கோட்டை, 1900 இல் வெளிப்பட்ட கோம் எல் ஷோகாபா நிலவறைக் கல்லறைகள், பழைய நூலகத்தின் நினைவாக 2002 இல் திறக்கப்பட்ட புதிய நூலகம் ஆகிய யாவும் நகருக்குள்ளேயே உள்ளன. பிரமிட்டைக் காணாமல் எகிப்திலிருந்து திரும்புவதா என்று உறவினர் கேட்பர். ஆறு மணி நேரம் வண்டியிலிருந்து இருபது நிமிடம் பார்ப்பதிலும், ஒரு நகரத்தை ஆறு மணி நேரம் நடந்து பார்ப்பது குறைந்ததன்று.

அடுத்தது தலையெண்ணிக்கை. கப்பற் கம்பனி தலைக்கு இவ்வளவு என்று அறவிடும். தனி வழிகாட்டியோ பெரும்பாலும் வண்டிக்கு இவ்வளவு என்று கேட்பார். கணவன் மனைவி இருவராயின் வேற்றுமை பெரிதாகத் தோன்றாது. ஆறுபேர் கொண்ட குடும்பத்துக்கு அது கணிசமான தொகை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி.

தனி வழிகாட்டியை அமர்த்துவோர் அவருடைய அனுமதி அட்டையைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். விலையில் நுழைவுச் சீட்டும் உணவும் அடங்குமா என்பதை எழுத்திற் பெறவேண்டும். கடைகளுக்குச் செல்வதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுப்பணத்தையும் நாள் முடிந்த பின்னரே கொடுத்தல் நன்று. கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் சில துறைகளில் வேறுபடும். கெடு எந்தக் கடிகாரப்படி என்பதை இறங்குமுன் தெரிந்துகொண்டு, அக்கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்தை அடையும்படி நாளை வகுத்தல் வேண்டும்.

கொழும்புத் துறைமுக வாயிலிலும் இதே நாடகம் நடைபெறுகின்றது. உல்லாசக் கப்பல் வந்த நாட்களிலே முச்சக்கர வண்டிச் சாரதிகளும் வழிகாட்டிகளும் அங்கே கூடி நிற்பர். கண்டி 115 கிலோமீற்றர் தூரம். மலைச்சாலை வழியே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். தலதா மாளிகையை நாடுவதா, கொழும்பையே சுற்றுவதா, குழுவோடு செல்வதா, தனியே செல்வதா என்று அந்நியர் மயங்கி நிற்பதை அங்கே காணலாம். அவர்களுக்கு நேர்மையாக வழி சொல்லும் ஒருவர் இலங்கையின் பெயரைக் காப்பவராவர். இரத்தினக் கடை வாயிலிலே அவர்களுடைய பகற்பொழுதைத் திருடும் ஒருவர் அப்பெயரை விற்பவராவர். பிற நாட்டில் நாம் எத்தகைய வழிகாட்டியைத் தேடுகின்றோமோ, நம் நாட்டுக்கு வருவோருக்கும் அத்தகையவரே வாய்க்கவேண்டும். வழிகாட்டித் தொழிலை நாடும் நம் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.