சுவரில் மாட்டிய வெயில்

ரேடியேட்டர் என்றால் நமக்குக் காரின் முன்பக்கம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அது வீட்டுச் சுவரில் இருக்கும். பாய்லரில் காய்ந்த நீர் அதற்குள் ஓடி அறையைச் சூடாக்கும்.

டிசம்பரில் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போயிருந்தேன். அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. நம் தாமான் வீடுகளைப் போலவே தெருத்தெருவாகச் செங்கல் வரிசை வீடுகள். விக்டோரியா மகாராணி காலத்து வீடுகள் பலவற்றின் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் மட்டுமே. உள்ளே இருக்கும் சூடு அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அக்காவின் வீடு அப்படிப்பட்ட ஒரு வரிசையின் கோடி வீடு. பேரனைப் பார்த்துக்கொள்ளக் கிள்ளானிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குப் பின்பக்க அறை. அதன் இரண்டு பக்கமும் வெளிச்சுவர். பாய்லர் எவ்வளவு ஓடினாலும் அறை 15 டிகிரியைத் தாண்டவில்லை. குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும், முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். "எனக்கு ஒன்னும் இல்லம்மா" என்று அக்காவிடம் சொன்ன அம்மா, டிக்கெட்டை முன்னதாக மாற்ற முடியுமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

பிளம்பர் வந்ததும் முதலில் அளவு நாடாவை எடுத்தார். சுவர், சன்னல், கூரை எல்லாவற்றையும் அளந்து, அந்த அறைக்குச் சுமார் 1,500 வாட் சூடு தேவை என்றார். அங்கிருந்த ஒற்றைத் தகடு ரேடியேட்டர் தந்தது ஏறக்குறைய 600 வாட். பாய்லரில் கோளாறு இல்லை, ரேடியேட்டர்தான் சிறியது.

மறுநாள் இரு பக்க வால்வுகளையும் மூடி, பழைய நீரை வடித்தார். உள்ளிருந்த இரும்புத் துரு கலந்து, அது கோப்பி போலக் கறுப்பாக வந்தது. ஒரு மீட்டர் நீள இரட்டைத் தகடு ரேடியேட்டரைச் சன்னலுக்கு அடியில் மாட்டினார். கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிர்காற்றை மேலெழும் சூடான காற்று அங்கேயே எதிர்கொள்ளுமாம். குழாயை நீட்டி, நீரோடு துருத்தடுப்பு மருந்தையும் நிரப்பி, சிறு சாவியால் காற்றை வெளியேற்றினார். அரை நாளில் வேலை முடிந்தது. அன்றிரவு அறை 20 டிகிரியைத் தொட்டது. டிக்கெட் பேச்சை அம்மா மறுபடி எடுக்கவில்லை.

பிரிட்டனில் இப்போது எரிவாயு பாய்லரை விட்டு வெப்பப் பம்புக்கு மாறுகிறவர்களும் பெரிய ரேடியேட்டர்களை மாட்டுகிறார்கள். பம்பு தரும் நீர் 45 டிகிரி அளவில்தான் இருக்கும். அதில் பழைய ரேடியேட்டர் முன்பு தந்ததில் பாதிச் சூட்டைக்கூடத் தராது.

குளிர் நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் பெற்றோரை அனுப்புகிறீர்களா? கம்பளி உடைகளோடு ஒரு கேள்வியையும் அனுப்பிவையுங்கள்: அவர்கள் படுக்கும் அறைக்கு அங்குள்ள ரேடியேட்டர் போதுமா?