தடமும் தேடல் பெட்டியும்

சர்வர் லாகைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் இருப்பது கொஞ்சம்தான்: ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், அது கிடைத்ததா (200) கிடைக்கவில்லையா (404), அனுப்பிய பைட்டுகள். ஆள் என்று யாரும் அதில் இல்லை. மொபைல் இணைப்பில் ஒரே ஐபியின் பின்னால் பலர் இருப்பார்கள். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியவர் இரண்டு பேராகத் தெரிவார். குக்கீ வைத்தால் இந்தக் குழப்பம் குறையும், தீராது. ஒரு வருகை எங்கே முடிகிறது என்பதும் நாம் போடும் கோடுதான். ஜார்ஜியா டெக்கில் ஆய்வாளர்கள் கேட்லெட்ஜும் பிட்கோவும் 1995-இல், எந்தச் செயலும் இல்லாத 25.5 நிமிட இடைவெளியை எல்லையாக வைத்தார்கள். அதை ஒட்டிய 30 நிமிடம்தான் இன்றைக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் இயல்பு அமைப்பு. சேலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய், 40 நிமிடம் கழித்து வந்து வாங்கியவர் அறிக்கையில் இரண்டு வருகையாகிவிடுவார்: ஒன்று வாங்காமல் போனது, இன்னொன்று வந்ததும் வாங்கியது.

இந்தத் தரவின் மேல்தான் 'இதைப் பார்த்தவர் அதையும் பார்த்தார்' என்ற விதிகளைத் தோண்டுகிறோம். இதற்குப் பெயர்போன முறை, அக்ரவாலும் ஸ்ரீகாந்தும் 1994-இல் வெளியிட்ட அப்ரியோரி. கடை பில்லுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். பில்லில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் வாடிக்கையாளர் எடுத்து வைத்தது. தளத்தில் நடக்கும் பாதையோ நாம் போட்டது. முகப்பில் ஒரு பேனரை மாட்டிவிட்டு, முகப்புக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது நம் மெனுவை நாமே திருப்பிப் படிப்பதுதான். நேரடி இணைப்பு உள்ள பக்கச் சோடிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிஞ்சும் விதிகள் சொற்பம். அவைதான் பார்க்கத் தகுந்தவை.

வந்தவர் சொந்த வார்த்தையில் பேசும் இடம் தேடல் பெட்டி ஒன்றுதான். அதனால் எந்தத் தளத்திலும் 'முடிவு இல்லை' என்று திரும்பிய சொற்களை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். ஒரு சேலைத் தளத்தில் சுங்குடி இருக்கிறது, 'மதுரை காட்டன்' என்ற தலைப்பின் கீழ். தேடுபவர் ஆங்கில எழுத்தில் சுங்குடி என்று அடிக்கிறார்; ஒருவர் எஸ்ஸில் தொடங்குகிறார், இன்னொருவர் சி, ஹெச்சில். இருவருக்கும் வெறும் பக்கம். சரக்கு அலமாரியில் இருந்தும் விற்பனை போயிற்று. எத்தனை கிளிக்கைக் கோத்தாலும் இது தெரியாது. கிளிக் தடத்தில் பதிவாவது ஒருவர் வந்தார், போனார் என்பது மட்டுமே.

தேடல் பெட்டியைத் தொடுபவர்கள் சிலரே, அவர்கள் எல்லாருக்கும் மாதிரி ஆகமாட்டார்கள் என்பார்கள். சரிதான், விழுக்காடு சொல்ல அந்தத் தரவு உதவாது. ஆனால் ஓட்டை எங்கே என்று காட்ட நாலைந்து பேர் போதும். அடைத்த பிறகு விற்பனை கூடியதா என்பதை வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஏ/பி சோதனையில் பார்த்துக்கொள்ளலாம். அந்தரங்கம் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2006-இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே ஒருவரைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்க, தேடிய சொல்லும் அதன் எண்ணிக்கையும் போதும். யார் தேடினார் என்ற நெடுவரிசையைக் கோப்பு கைக்கு வந்ததுமே அழித்துவிடலாம். பெட்டியில் சிலர் போன் நம்பரையும் அடித்திருப்பார்கள், அந்த வரிகளையும் சேர்த்து.