இழுப்பது எஞ்சின், சுமப்பது அச்சு

அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது குதிரைத்திறனைத்தான். இலகுரக வண்டியையும் கனரக வண்டியையும் பிரிப்பது எஞ்சின் என்ற நம்பிக்கை அந்த விசாரிப்புக்குள் இருக்கிறது. அது பிழை என்பதற்கு ஃபோர்டின் 2021 மாடல்களே சாட்சி. இலகுரகமான எஃப்-150க்குக் கிடைத்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினின் திறன் 400 குதிரை. கனரக எஃப்-250இன் அடிப்படை எஞ்சினான 6.2 லிட்டர் வி8 கொடுத்தது 385தான். முறுக்குவிசையிலும் சின்னதே முந்தியது. அப்படியிருந்தும் தினமும் பாரம் ஏற்றுகிறவர்கள் எஃப்-250ஐத் தேடிப்போகக் காரணம் வண்டியின் அடியில் இருக்கிறது.

குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். எஃப்-150 போன்ற வண்டியில் சக்கரம் அச்சுத்தண்டின் முனையிலேயே முடுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுழற்றுவதும் அந்தத் தண்டுதான், பாரத்தைத் தாங்குவதும் அதேதான். அது முறிந்தால் சக்கரமே கழன்று போகலாம். கனரக வண்டியில் தண்டைச் சுற்றியுள்ள இரும்புக் கூட்டின் மேல் இரண்டு பேரிங்குகளைப் பிடித்துக்கொண்டு ஹப் உட்கார்ந்திருக்கிறது. பாரம் முழுவதும் கூட்டின் தலையில்; தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும். ஹப்பின் நடுவிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி வைக்காமலே தண்டை உருவி வெளியே எடுத்துவிடலாம். வண்டி தன் சக்கரத்தின் மேல் அப்படியே நிற்கும். ஆறு நட்டுக்குப் பதில் எட்டு நட்டு, தடித்த லீஃப் ஸ்பிரிங், பெரிய பிரேக் எல்லாம் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வருபவை.

‘அதே எஃப்-150 சரியான பொருத்தங்களோடு 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ ட்ரெய்லரை இழுக்கிறதே, பிறகு கனரகம் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல்தான் அழுந்துகிறது. வழக்கமாக அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம். பத்து என்றே வைத்தாலும் 635 கிலோ. இழுவைத் திறன் என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்த எண், இப்படிச் சுமையாக மாறிப் பின் அச்சில் வந்து இறங்குகிறது. அதற்கு மேல்தான் பின்சீட்டுக் குழந்தைகளும் கூலர் பெட்டியும்.

அதற்காக எல்லோரும் கனரகமே வாங்கட்டும் என்று நான் சொல்லமாட்டேன். காலியாக ஓடும்போது அந்த ஸ்பிரிங் இடுப்பை ஒடிக்கும். வண்டியும் முழுச் சுமையும் சேர்ந்து 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்புக்கு மைலேஜ் சீட்டு ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லாததால், எரிபொருள் செலவு வாங்கியபிறகே தெரியவரும். கனத்த டீசல் எஞ்சினைக் கேட்டு வாங்கினால் அதன் எடையும் சுமக்கும் கணக்கில்தான் கழியும். ‘அரை டன்’, ‘முக்கால் டன்’ என்ற பழைய பட்டங்களோ அர்த்தம் இழந்துவிட்டன. 2021இல் ‘அரை டன்’ எஃப்-150 அதிகபட்சமாகச் சுமந்தது 3,325 பவுண்டு, அதாவது ஒன்றரை டன்னுக்கும் மேல்! நம்பத்தக்க எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில் இருக்கிறது: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்று அந்த ஒரு வண்டிக்கு மட்டும் போட்ட கணக்கு. ஒரே பெயர், ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில், கண்ணாடிக் கூரை வைத்ததில் அந்த எண் குறைவாக இருக்கும்.