காந்தம் ஒட்டும் இடம்

கவென்ட்ரி நகருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. நடுவில் நிற்கிறது 1969-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. நீல நிறம், இரண்டே இருக்கை, முன்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று ஓர் அட்டை. மூத்த டிங்கர் இருபக்கக் கொக்கிகளையும் விடுவித்து ஒரே தூக்காகத் தூக்கினார். மட்கார்டு, விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழ்ந்தன. எஞ்சினும் முன்சக்கரங்களும் திறந்துகிடந்தன. டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரை முடுக்கலாம்.

எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிறுவயதில் எங்கள் தெரு டாக்டரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இப்படித்தான் வாய் பிளக்கும். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் கட்டிய கார் அது. மூலம் இந்தக் கவென்ட்ரியின் டிரையம்ஃப் ஹெரால்டு. அதன் சேசிஸை நீளம் குறைத்து, மேலே இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடலைப் போர்த்தியதுதான் ஸ்பிட்ஃபயர். ஆக, டாக்டர் காருக்கு இது பங்காளி முறை. 1968-ல் சென்னையில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது என்றதும் டிங்கர் முகத்தில் சந்தேகம். இங்கிலாந்தில் அதற்கு இரண்டு கதவுதான். போனில் படத்தைக் காட்டிய பிறகு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அவர் பதினாறு வயதில் கான்லி தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1980-ல் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளியே போனபோது அங்கே இருந்தவர். 1962-ல் தொடங்கி அதுவரை மூன்று லட்சத்துக்கும் மேல் கட்டியிருந்தார்கள். இத்தனைக்கும் இந்தக் கார் பிறந்திருக்கவே வேண்டியதில்லை. பணமில்லாமல் முதல் மாதிரியை மூலையில் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். நிறுவனத்தை வாங்கிய லேலண்ட் ஆட்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

பட்டறையில் மூன்று பேர். டிங்கர், எஞ்சின் பார்க்கும் ஒரு பெண், பெயின்டுக்கு ஓர் இளைஞர். வருகிறவர்கள் எல்லாரும் இளைஞரைத்தான் பாராட்டுகிறார்கள் என்று டிங்கருக்குச் சின்ன வருத்தம். அவர் வேலையின் பெரும்பகுதி கண்ணில் படாது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி இருக்கிறதே, இங்கே ‘சில்’ என்கிறார்கள், அதுதான் அவர் களம். ஹெரால்டில் சேசிஸே பக்கவாட்டிலும் பரந்து உடலைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் நடுமுதுகெலும்பு மட்டும். பக்கத்து விறைப்பு முழுவதும் இந்தச் சில்லின் பொறுப்பு. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, தண்ணீரோடு இடுக்கில் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளித்தகட்டில் துரு எட்டிப்பார்க்கும்போது உள்ளே மாவாகியிருக்கும்.

மேலே கூரை கிடையாது. சில்லை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து வாழைப்பழம்போல் வளையும். அதனால் முதலில் கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் அடிக்கிறார். உடலைச் சேசிஸிலிருந்து கழற்றுவதில்லை. ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கத்தைத் தொடுவதும் இல்லை. நடுநடுவே கதவை மாட்டி இடைவெளியை விரலால் தடவிப் பார்க்கிறார். மேலே நாலு மில்லிமீட்டரும் கீழே ஏழும் இருந்தால், பற்றவைத்ததைப் பிரித்து மறுபடியும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது என்றார். இருபது வருடத்துக்கு முன் யாரோ பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, சிவப்பு அடித்து விற்றிருக்கிறார்கள். ‘பட்டி டிங்கரிங்’ நம்மூர்ச் சொத்து மட்டுமல்ல.

அதனால்தான் டிங்கர் சட்டைப்பையில் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று. பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பார்க்க வருகிறவர் கையில் அதைத் தானே கொடுத்துவிடுகிறார். நான் கீழ்விளிம்பு முழுக்க வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் வெடுக்கென்று இழுத்தது.

எஞ்சின் 1296 சிசி, 75 குதிரைத்திறன், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். இன்றைய சின்னக் கார்களுக்கு முன் இது ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் எடை எழுநூறு கிலோ சொச்சம்தான், உட்கார்ந்தால் கையெட்டும் தூரத்தில் தார் ரோடு. எஞ்சின் பார்க்கும் பெண் ஒரு சோதனை காட்டினார். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால், கிராங்கை நிறுத்திவைக்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அப்படியே ஓட்டினால் அவை கழன்று விழும், எஞ்சினே பாழ். இங்கே புல்லி அசையவில்லை. குறையையும் அவரே சொன்னார். பின்னால் குறுக்கே ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1970-ல் வந்த மார்க் 4-ல் அதைச் சரிசெய்தார்கள். இதில் ஓட்டுபவர்தான் நிதானமாக இருக்க வேண்டும்.

காகிதக் கட்டும் கனமானது. கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது: எந்த நாளில் கட்டியது, அப்போது என்ன நிறம். சிவப்பாக வந்த வண்டி நீலமானது அந்தத் தாளால்தான். கூடவே ஆல்பம் நிறைய, வெட்டிய சில்லின் படங்கள். ஜாகுவார் ஈ-டைப் என்றால் ஆறு இலக்கப் பவுண்டுக்கும் விலை போகும். ஸ்பிட்ஃபயர் ஏழைப் பங்காளனின் ஸ்போர்ட்ஸ் கார். மூவரின் உழைப்பை மணிக்கணக்கில் கூட்டினால் கேட்கும் விலையைத் தாண்டிவிடும். பின் ஏன் செய்கிறீர்கள் என்றேன். வண்டிக்காரர் வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டார், நஷ்டம் அவருக்கு என்றார் டிங்கர். சிரிக்கவில்லை.

மத்தியானம் ஒருவர் பார்க்க வந்தார். பெயின்டை ஒரு பார்வை, அவ்வளவுதான். டார்ச்சோடு நேரே தரையில் படுத்தவர், முன்சக்கரத்தின் உள்பக்கம் விரலை நீட்டி எடுத்தார். விரலில் எண்ணெய். அங்கே டிரனியன் என்றொரு வெண்கலப் பாகம் இருக்கிறது. சக்கரம் திரும்புவது அதன் மரையில்தான். அதற்குப் போடவேண்டியது கெட்டியான கியர் ஆயில். பலர் கிரீஸ் கன்னால் கிரீஸ் ஏற்றிவிடுகிறார்கள். கிரீஸ் இறுகி மரை காய்ந்து, தண்டு துருவேறி ஒருநாள் முறியும், சக்கரம் படுத்துக்கொள்ளும்.

தரையிலும் இரண்டு சொட்டு கிடந்தது. பெயின்ட் இளைஞர் துணியோடு குனிந்தார். டிங்கர் வேண்டாமென்று கையமர்த்தினார். வந்தவர் விரலை முகர்ந்து பார்த்து, எழுந்து, கிரீஸ் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றார் டிங்கர். வந்தவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, சாவி எங்கே என்றார்.