எந்த விரல் மரக்குது?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தக்கலை பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்காருங்கள். வேளிமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். அதைவிட விடாப்பிடியாக போர்டுகள் வரும். மட்டிப்பழக் கடை, நகைக்கடை, அடுத்தது 'வர்ம வைத்தியசாலை'. கொஞ்ச தூரத்தில் ரப்பர் ஷீட் கடை, மறுபடி 'வர்ம வைத்தியசாலை'. நம்மூரில் டீக்கடை இருக்கிற மாதிரி இங்கே ஆசான்கள்!

அடிமுறை என்கிற சண்டைக்கலை வளர்ந்த மண் இது. எங்கே தட்டினால் ஆள் சுருண்டு விழுவான் என்று தெரிந்தவருக்கே, விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையும் தெரிந்திருந்தது. வர்மங்கள் மொத்தம் 108. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஆனால் ஆயுர்வேதத்தில் சுசுருதர் சொல்லும் மர்மங்கள் 107. பி.காம் படித்தவனுக்குக் கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராதே! அந்த ஒன்று எங்கே என்று ஆசானிடம் கேட்டேன்.

"எண்ணிப் பாக்கவா வந்தீரு?" என்றார்.

எண்ணிப் பார்க்க வரவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் நாலு மாதமாக மரத்துப் போய்க்கொண்டிருந்தன. காலையில் எழுந்தால் அந்த இரண்டு விரல்களும் பக்கத்து வீட்டுக்காரருடையது மாதிரி இருக்கும். எழுதிப் பிழைக்கிறவனுக்கு வலது கைதான் ஃபாக்டரி. மாதச் சம்பளம், பி.எஃப் எதுவும் கிடையாது. சென்னை டாக்டர் நரம்பு டெஸ்ட் எடுத்துவிட்டு, "நரம்பு லேசா அழுந்துது, பயப்பட வேண்டாம்" என்றார். பயப்படுவதில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. ரயிலேறிவிட்டேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1956ல் குமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையைப் பராமரிப்பது இன்றைக்கும் கேரள அரசுதான். இடம் இங்கே, நிர்வாகம் அங்கே. என் விரல் கதையும் அதேதான் என்பது ஆசான் வீட்டுத் திண்ணையில் தெரிந்தது.

அவர் நாடி பார்க்கவில்லை, எண்ணெய் எடுக்கவில்லை. முதல் கேள்வியே, "மரக்கது எந்த வெரலாக்கும்?"

சொன்னேன். விரலைத் தொடாமல் முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்புக்குப் பின்னால் லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் வரை கரண்ட்! ஸ்கூலில் பெஞ்சு முனையில் இடித்துக்கொள்வோமே, அதே இடம். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அந்தப் பள்ளத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டு. கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து இறங்கினால் கழுத்து எலும்பு. சென்னை டாக்டரும் இதையேதான் கேட்டார். அவர் கையில் சுத்தியல், இவர் கையில் வெற்றிலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழு நாள் வைத்தியம். காயத்திருமேனி தைலத்தைச் சூடாக்கி கழுத்து, தோள், முன்கை என்று தடவி இறக்குவார். முழங்கைப் பள்ளத்தில் மட்டும் விரலே படாது. "நரம்பு மேல அமுக்கப்படாது, சுத்தி உள்ள தசையத்தான் இளக்கணும்." ராத்திரி கை மடங்காமலிருக்க முழங்கையில் துண்டு சுற்றிக் கட்டச் சொன்னார். மேஜையில் முழங்கை ஊன்றக் கூடாது. பத்தியமும் உண்டு. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மணக்கிற ஊரில் எனக்குக் கஞ்சியும் பயறும்!

மூன்றாம் நாள் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி வந்தார். ஐம்பது வயதிருக்கும். விடியுமுன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் கத்தி பிடித்த கை. முதல் மூன்று விரலும் மரப்பு. நடு ராத்திரியில் எழுந்து கையை உதறுவாராம். ஆசான் அவருடைய இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலது கட்டைவிரல் அடிச்சதை வற்றி, குழி விழுந்திருந்தது. தைலக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

"இது எண்ணெயில தீராது மக்கா. ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போ."

"ஆபரேசன்னு சொல்லிருவாங்களே ஆசானே. வெட்டுக்குப் போவாண்டாமா?"

"இப்பமே கத்தி நழுவுதுங்க. இன்னும் விட்டா சட்டைப் பொத்தான் போட ஆள் வைக்கணும்."

மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை. அதில் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. ஒன்பது பேர் ஏறிய ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆள்! ஆரம்பத்தில் ராத்திரிப் பட்டையும் ஓய்வும் உதவும், தடவலும் கொஞ்சம் ஆறுதல் தரும். சதை வற்ற ஆரம்பித்துவிட்டால் மேலே இறுக்குகிற பட்டையை டாக்டர் வெட்டிவிட வேண்டியதுதான். எவ்வளவு தைலமும் அந்தக் கூரையைத் திறக்காது. காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் நஷ்டக் கணக்கில்தான் ஏறும்.

எல்லா போர்டுக்குப் பின்னாலும் இப்படி ஆசான் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். எதுவும் கேட்காமல் கழுத்தைப் பிடித்து 'டக்'கென்று திருப்ப வருகிறவரிடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அபூர்வமாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இடது கை மரத்து நெஞ்சும் அடைத்தால் ஆசானும் வேண்டாம், ரயிலும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. சர்க்கரை இருந்தால் முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

போன வாரம் ஆசானுக்கு போன் போட்டேன். பால்வெட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்து, ராத்திரி தூக்கம் வருகிறதாம். வற்றிய சதை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லையாம். இன்னும் மரத்துக்குப் போகவில்லை.

எனக்கு மோதிர விரல் தேவலை, சுண்டுவிரல் முக்கால்வாசி. இதில் தைலத்துக்கு எவ்வளவு வரவு, துண்டுக்கு எவ்வளவு வரவு என்று பிரித்தெழுத என் பி.காம் போதவில்லை. துண்டை தினமும் கட்டுகிறேன். தைலம் அரை பாட்டில் மிச்சமிருக்கிறது.